பாவால் குமாரர் வழக்கு: 1909 டார்ஜிலிங் சாவும் மூன்றில் ஒரு பங்கும்

ஆவணப்பெட்டி:
இந்த வழக்கைப் பற்றித் தமிழில் வருகிற காணொளிகள் எல்லாம் "செத்துப்போன ராஜகுமாரன் சாமியாராகத் திரும்பி வந்தான்" என்பதோடு முடிந்துவிடுகின்றன. சொத்து யாருக்குப் போனது, தீர்ப்பு எதைப் பிடித்து நின்றது என்று எவரும் சொல்வதில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

முதலில் வழக்கின் சுருக்கம். டாக்காவை அடுத்த ஜெய்தேப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டது பாவால் ஜமீன். பரப்பு 579 சதுர மைல், குடிகள் ஏறத்தாழ 55,000, ஆண்டு வருமானம் சுமார் ஆறரை லட்சம் ரூபாய். ஜமீன்தார் ராஜேந்திர நாராயண் ராய் 1901-இல் இறந்தார். மூன்று மகன்கள்: ரணேந்திரா, ரமேந்திரா, ரவீந்திரா. நடு மகன் ரமேந்திரா 1909 மே மாதம் டார்ஜிலிங்கில் 24 வயதில் "இறந்தார்". மூத்தவர் 1910-இல், இளையவர் 1913-இல். மூவருக்கும் பிள்ளை இல்லை. மூன்று விதவைகள். நிர்வாகம் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் (தாமே நிர்வகிக்க முடியாதவர்களின் ஜமீன்களைப் பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்பு) கைக்குப் போனது. இளையவரின் மனைவி ஆனந்த குமாரி 1919-இல் ஒரு பையனைத் தத்தெடுத்தார்.

1921 தொடக்கத்தில் டாக்கா பக்லண்ட் கரையில் சாம்பல் பூசிய சந்நியாசி ஒருவர் வந்து உட்கார்ந்தார். மே 4 அன்று ஜெய்தேப்பூரில் தான்தான் ரமேந்திரா என்றார். ஜூன் 3 அன்று கலெக்டர் லிண்ட்சே, அவர் போலி, அவருக்கு வரி கட்டினால் பொறுப்பு உங்களுடையது என்று குடிகளுக்கு அறிவிப்பு விட்டார். 1930 ஏப்ரல் 24 அன்று ரமேந்திராவின் மனைவி விபாவதி முதலானோர் மீது சந்நியாசி வழக்கு தாக்கல் செய்தார். 1936-இல் டாக்கா நீதிபதி பன்னாலால் பாசு, 1940-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம், 1946-இல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில். மூன்று இடத்திலும் சந்நியாசிக்கே வெற்றி.

என் கட்சி இதுதான்: இரு தரப்பிலும் சேர்த்து 1,548 சாட்சிகள் வந்தார்கள், 1,069 வாதிக்கு, 479 பிரதிவாதிகளுக்கு. ஆனால் வழக்கைத் தாங்கியது அவர்கள் இல்லை. சண்டை வரும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் எழுதப்பட்ட நாலைந்து தாள்கள்தான்.

வடிவு:
நான்கு வருடத்தில் மூன்று அண்ணன் தம்பிகள். மூன்றுமே சந்தேகச் சாவுகளா? யாருக்கு லாபம்?

முன்சீப் கோர்ட்டு:
வழக்கில் அலசப்பட்டது நடுக்குமாரரின் சாவு மட்டும்தான். மற்ற இரண்டையும் சேர்த்துக் கோப்பது யூடியூப் வேலை.

லாபம் யாருக்கு என்பதற்குத் தாயபாகம் என்கிற வங்காள இந்து வாரிசு முறை தெரிய வேண்டும். வங்காளத்தில் அப்பா இறந்ததும் மகன்களுக்குத் தனித்தனியாக நிர்ணயமான பங்கு பிறந்துவிடும். பாகம் பிரிக்காமல் ஒன்றாக இருந்தாலும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. மகன் இல்லாமல் ஒருவன் செத்தால் அந்தப் பங்கு சகோதரர்களுக்குப் போகாது, விதவைக்குப் போகும். ஆயுள் வரை அனுபவிக்கலாம். தக்க அவசியம் இல்லாமல் விற்க முடியாது. அவளுக்குப் பிறகு கணவனின் வாரிசுகளுக்குத் திரும்பும்.

நம் பக்கம் மிதாட்சரம். பாகம் பிரியாத குடும்பத்தில் பிள்ளையில்லாமல் ஒருவன் செத்தால் அவன் பங்கு உயிரோடிருக்கும் சகோதரர்களிடம் தானாகச் சேர்ந்துவிடும், விதவைக்கு ஜீவனாம்சம்தான். 1937 சட்டம் வந்த பிறகுதான் இது மாறியது. ராமநாதபுரம், சிவகங்கை போன்ற பெரிய ஜமீன்களோ பாகமே பிரிக்க முடியாதவை. ஆக இதே சாவு மதராஸ் மாகாணத்தில் நடந்திருந்தால் மனைவி விபாவதி தேவிக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தே இருக்காது, சந்தேகமும் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

கீழ்வாசல்:
அப்படிப் பார்த்தால் விபாவதிக்கோ அவர் அண்ணன் சத்தியேந்திரநாத் பானர்ஜிக்கோ பெரிய லாபம் என்ன? விற்க முடியாத பங்கு. அதையும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் வாங்கிக்கொண்டு படி அளந்தது. உறுதியாகக் கைக்கு வந்த ரொக்கம் 30,000 ரூபாய் ஆயுள் காப்பீடுதான். புருஷன் உயிரோடிருந்தால் ஜமீன் மாளிகையில் ராணி, செத்தால் கல்கத்தாவில் விதவை. நோக்கம் என்று சொல்ல இது போதாது.

முன்சீப் கோர்ட்டு:
கீழ்வாசல் அண்ணே, ஆறரை லட்சத்தில் மூன்றில் ஒன்று வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். செலவும் அரசுக்குக் கட்டும் வரியும் போக மிஞ்சுவதில் ஒரு பகுதி வந்தாலும் 1910-இல் அது கொழுத்த பணம். விதவை கல்கத்தாவில் அண்ணன் வீட்டில்தான் இருந்தார், அந்தப் பணம் அந்த வீட்டுக்குத்தான் வந்தது. ஆனால் நோக்கம் இருந்தது என்பது கொலை நடந்தது என்பதற்குச் சான்று ஆகாது, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். இந்த விவகாரத்தில் கொலைக் குற்றத்துக்காக யாரும் கூண்டில் நிற்கவில்லை. நடந்தது சிவில் வழக்கு. இவர்தான் ரமேந்திராவா என்பதே கேள்வி.

நச்சியல்:
மருத்துவப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிவில் சர்ஜன் கால்வர்ட் கொடுத்த சாவுச் சான்றில் காரணம் பித்தப்பைக் கல் வலி. இந்த வலி வலது மேல்வயிற்றில் வரும், தோள்பட்டைக்கு ஏறும், வாந்தி இருக்கும், சில மணி நேரத்தில் தணியும். ரத்தத்தோடு தண்ணீராகப் பேதி போவது இதன் குணமே இல்லை. ஆனால் மே 8 அன்று டார்ஜிலிங்கிலிருந்து ஜெய்தேப்பூருக்குப் போன தந்தி என்ன சொல்கிறது? குமாரர் கவலைக்கிடம், அடிக்கடி ரத்தத்தோடு நீர்ப்பேதி, உடனே வரவும். சான்றும் தந்தியும் ஒரே நோயாளியைப் பற்றியவை என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

வெள்ளைப் பாஷாணம் எனப்படும் ஆர்சனிக் டிரையாக்சைடு வயிற்றில் போனால் அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் தொண்டை எரிச்சல், வாந்தி, பிறகு அரிசி கழுவிய நீர் போலவும் ரத்தம் கலந்தும் பேதி, கெண்டைக்கால் இழுப்பு, உடம்பு சில்லிட்டுப் போவது. சாவு ஒரு நாளிலிருந்து நாலு நாளுக்குள். காலரா மாதிரியே இருக்கும், அதனால்தான் காலரா ஊர்களில் இந்த விஷம் பிடிபடாமல் போனது. பெரியவர் ஒருவரைக் கொல்ல 120 முதல் 200 மில்லிகிராம் போதும், ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

வடிவு:
மருந்துச் சீட்டில் ஆர்சனிக் இருந்தது என்று படித்தேன். அப்படியானால் எழுத்திலேயே சிக்கிக்கொண்டார்கள் இல்லையா?

நச்சியல்:
அவசரம் வேண்டாம். குடும்ப வைத்தியர் ஆசுதோஷ் தாஸ்குப்தா எழுதிய சீட்டு வழக்கில் பெரிதாக அலசப்பட்டது உண்மை. ஆனால் 1909-இல் ஆர்சனிக் சாதாரண மருந்து. மலேரியாவுக்கு, தோல் வியாதிக்கு, பலத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் எழுதுவார்கள். ஃபவுலர் கரைசல் என்று ஒன்று உண்டு, அதில் நூற்றுக்கு ஒரு பங்கு ஆர்சனிக். 5 துளி என்றால் சுமார் 0.3 மில்லி, அதாவது 3 மில்லிகிராம். சாவு அளவுக்குப் போக ஒரே தடவையில் 12 மில்லிக்கு மேல் குடிக்க வேண்டும். மாத்திரைகளில் இன்னும் குறைவாகவே சேர்ப்பார்கள். ஆகச் சீட்டில் ஆர்சனிக் என்ற சொல் இருப்பது கொலைக்குச் சாட்சி இல்லை. வயிறு கலங்கிக் கிடக்கும் ஆளுக்கு எதற்காக அது, யாருக்காக எழுதியது, கேட்டபோது வைத்தியர் நேராகப் பதில் சொன்னாரா என்பதுதான் கேள்வி. அங்கேதான் அவர் வழுக்கினார்.

ஆவணப்பெட்டி:
கால்வர்ட் பற்றி ஒன்று சேர்க்கிறேன். காப்பீட்டுப் பணம் வாங்குவதற்காக அவர் சாவை உறுதிசெய்து கொடுத்தது 1909 ஜூலை 7. இரண்டு மாதம் கழித்து. தந்திகளோ அன்றன்று போனவை. எது கேள்வி கேட்டு வாங்கிய தாள், எது பதறிப்போய் அனுப்பிய தாள் என்று பிரித்துப் பாருங்கள். பாசு செய்தது அதைத்தான்.

கீழ்வாசல்:
சரி, செத்த நேரம்? அதுதானே ஆணிவேர்.

ஆவணப்பெட்டி:
ஆமாம். விபாவதி தரப்பு: மே 8 நள்ளிரவை ஒட்டிச் சாவு, மறுநாள் காலை ஊர்வலம், தகனம். வாதி தரப்பு: பொழுது சாயும் நேரத்தில் செத்ததாக நினைத்து, அன்றிரவே மயானத்துக்குத் தூக்கிப் போனார்கள். புயலும் மழையும் பிடித்துக்கொள்ள, தூக்கிப் போனவர்கள் ஒதுங்க இடம் தேடி ஓடினார்கள். திரும்பி வந்தபோது உடலைக் காணோம். காலையில் எரித்தது வேறு உடல்.

இரவு ஊர்வலம் என்று ஒன்று நடந்தது நிரூபணமானால் நள்ளிரவுச் சாவு என்ற கதை உடைந்துவிடும், செத்தபின் ஊர்வலம் போக நேரமே இல்லையே. அதனால்தான் ஒரு ராத்திரி மழை பெய்ததா இல்லையா என்று நாள்கணக்கில் வாதாடினார்கள். மழைமானிப் பதிவேடுவரை வந்தது. காலையில் போன உடல் தலை முதல் கால் வரை போர்த்தப்பட்டிருந்தது, முகம் திறந்து நெய் பூசிக் குளிப்பாட்டும் சடங்கு நடக்கவில்லை என்று சாட்சிகள் சொன்னார்கள். பாசு அந்திச் சாவையும் இரவு ஊர்வலத்தையும் ஏற்றார்.

நச்சியல்:
மழை விஷயம் வெறும் கதைச் சுவை இல்லை. ஒரு உடல் எரிய 400 முதல் 500 கிலோ விறகும் ஆறு மணி நேரமும் வேண்டும். மலை ஊரில், மே மாத மழையில் ராத்திரி விறகு பற்றவே பற்றாது. சிதையை விட்டு ஓடினார்கள் என்பது நடக்கக் கூடியதுதான். நாடி கிடைக்காத அளவுக்கு உடல் நீர் வற்றிச் சில்லிட்டவரைச் செத்தவராகக் கருதியதும் அந்தக் காலத்தில் நடந்ததுதான். காலராவிலும் அப்படி ஆகும். ஆனால் அடித்துச் சொல்கிறேன், அந்த நிலையில் குளிரில் நனைந்து கிடந்தவர், வாதி சொன்னபடி, நான்கு நாகா சாதுக்களின் சிகிச்சையில் பிழைத்தார் என்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

கீழ்வாசல்:
அதைத்தான் சொல்கிறேன்! பிழைத்தது அபூர்வம், அவர் சொல்கிறபடி பன்னிரண்டு வருடம் ஞாபகம் போனது அபூர்வம், ஞாபகம் வந்ததும் நேராக டாக்காவுக்கே வந்தது அபூர்வம். மூன்று அபூர்வத்தைப் பெருக்கினால் என்ன மிஞ்சும்? அந்த ஆள் பேசியது இந்தி. வங்காளம் தட்டுத்தடுமாறி. பஞ்சாபில் ஆஜ்லா கிராமத்து மால் சிங் இவர் என்று பிரதிவாதிகள் சொன்னது சும்மா இல்லை. உயர்நீதிமன்றத்தில் நீதிபதி லாட்ஜும் வாதி நிரூபிக்கவில்லை என்றே எழுதினார்.

ஆவணப்பெட்டி:
பெருக்கல் கணக்கு இரண்டு பக்கமும் போட வேண்டும் சார். வேறு ஆள் என்றால் கீழே இருப்பதெல்லாம் தற்செயலாகப் பொருந்தியிருக்க வேண்டும்:

இளஞ்சிவப்பு வெள்ளை நிறம், பழுப்பு முடி, முடியைவிட வெளிறிய மீசை, பழுப்புக் கண். கீழுதட்டில் வலப்பக்கம் ஒரு கோணல். காது விளிம்பில் கூர்மையான முனை. மேல் இடது முதல் கடைவாய்ப்பல் உடைந்தது. வலது கீழ் இமையில் சிறு சதைப்புள்ளி. இடது கை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உள்ள நீள வித்தியாசம் வலது கையைவிடக் குறைவு. செதில் செதிலான பாதம், செருப்பு அளவு 6. இடது கணுக்கால் வெளிப்புறத்தில் ஒழுங்கற்ற தழும்பு. வலது கையில் புலி நகக் கீறல். கவட்டுப் பக்கம் அறுவைத் தழும்பு.

வங்காளத்தில் சிவந்த நிறம், பழுப்பு முடி எத்தனை பேருக்கு? அதுவே ஒரு சல்லடை. அதற்குமேல் செதில் பாதம். கணுக்கால் தழும்போ, சாவுக்கு வருடங்கள் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்காக மருத்துவர் எழுதிய குறிப்பில் இருக்கிறது. எந்தச் சாமியாரையும் மனத்தில் வைத்து அதை எழுதவில்லை. பிரதிவாதி தரப்பு பணம் வாங்கிய அதே பாலிசியின் காகிதமே அவர்களுக்கு எதிராக நின்றது.

வடிவு:
சொந்தக்காரர்கள் யார் யார் எந்தப் பக்கம்?

ஆவணப்பெட்டி:
பாட்டி சத்தியபாமா தேவி பேரன் என்று ஏற்றார். அக்கா ஜோதிர்மயி தேவி கடைசிவரை கூடவே நின்றார். மூத்த குமாரரின் விதவை சரஜுபாலாவும் ஏற்றார். மறுத்தவர்கள் விபாவதியும் ஆனந்த குமாரியும். ஏற்ற சரஜுபாலாவுக்கு இவர் திரும்பி வந்ததால் தன் பங்கில் ஒரு காசும் அதிகமாகக் கிடைக்கப் போவதில்லை. அதைச் சிலர் கவனிப்பதில்லை.

கீழ்வாசல்:
மறுத்த விபாவதியும் கடைசிவரை மாறவில்லை. தீர்ப்புக்குப் பிறகு எஸ்டேட்டிலிருந்து வரவேண்டிய பணத்தைக்கூடத் தொடவில்லை. பேராசைக்காரி இப்படியா செய்வாள்?

முன்சீப் கோர்ட்டு:
நல்ல கேள்வி. அவர் மனமார நம்பியிருக்கலாம். மனமார நம்புகிறவர் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அவ்வளவுதான்.

லாட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். உயர்நீதிமன்றத்தில் மூவர்: காஸ்டெல்லோ, சாரு சந்திர பிஸ்வாஸ், லாட்ஜ். 1939 ஆகஸ்டில் வாதம் முடிந்ததும் காஸ்டெல்லோ விடுப்பில் இங்கிலாந்து போனார். போர் மூண்டது, திரும்ப முடியவில்லை. தீர்ப்பை எழுதி அனுப்பினார், 1940 ஆகஸ்டில் பிஸ்வாஸ் அதை வாசித்தார். அது செல்லுமா என்றே லண்டனில் ஒரு வாதம் நடந்தது, செல்லும் என்றார்கள். உயர்நீதிமன்ற முடிவு இரண்டுக்கு ஒன்று.

பிரிவி கவுன்சிலில் தாங்கர்டன், டு பார்க், மாதவன் நாயர் அமர்ந்தார்கள். மாதவன் நாயர் நம் மதராஸ் உயர்நீதிமன்றத்து நீதிபதியாக இருந்தவர்தான். 28 நாள் வாதம், 1946 ஜூலை 30 தீர்ப்பு. வக்கீல்கள் இன்றும் இந்தத் தீர்ப்பை எடுப்பது சாமியாருக்காக இல்லை. இரண்டு கீழ் நீதிமன்றங்கள் ஒரே உண்மையைக் கண்டறிந்துவிட்டால் மூன்றாவது நீதிமன்றம் எப்போது கைவைக்கலாம் என்ற விதிக்காக. நீதி தவறியிருக்க வேண்டும், அல்லது சட்ட நடைமுறை மீறப்பட்டிருக்க வேண்டும். அந்த மீறலும், அதைச் சரிசெய்தால் முடிவே நிற்காது என்ற அளவில் இருக்க வேண்டும். ஏற்கக் கூடாத சாட்சியத்தை ஏற்றிருந்தாலும், அதை நீக்கிய பிறகு மிஞ்சுவது போதுமானால் முடிவு நிற்கும். மேல்முறையீட்டு அமர்வில் ஒருவர் மாறுபட்டார் என்பதால் இந்த விதி தளராது. லாட்ஜின் மாறுபட்ட தீர்ப்பு எடுபடாமல் போனது இப்படித்தான்.

அதனால் "லண்டனும் இவர்தான் குமாரர் என்று ஆராய்ந்து சொன்னது" என்று எழுதுவது தவறு. டாக்கா முடிவில் கைவைக்கக் காரணம் இல்லை என்றுதான் சொன்னது.

நச்சியல்:
உடல் எரிந்த பிறகும் கொலை நிரூபணமான வழக்கு ஒன்றை ஒப்பிட வேண்டும் என்றால் பாகூர். இன்றைய ஜார்க்கண்டில் இருக்கிற ஜமீன், அங்கும் சகோதரர்கள், சொத்துத் தகராறு. 1933 நவம்பர் 26 அன்று ஹௌரா ரயில் நிலையத்தில் நெரிசலுக்குள் ஒருவன் அமரேந்திர சந்திர பாண்டேயின் கையில் ஏதோ குத்திவிட்டுப் போனான். டிசம்பர் 4 அன்று சாவு. உடல் எரிந்துவிட்டது. ஆனால் உயிரோடிருந்தபோதே மருத்துவர் ரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புக்கு அனுப்பியிருந்தார். வளர்ந்தது பிளேக் கிருமி. வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் வினயேந்திரனும் மருத்துவர் தாராநாத் பட்டாச்சார்யாவும் பம்பாயில் பிளேக் கிருமி தேடி அலைந்த தடம் அங்கிருந்துதான் பிடிபட்டது. 1935-இல் இருவருக்கும் தூக்கு, 1936-இல் உயர்நீதிமன்றம் அதை ஆயுள் நாடுகடத்தலாக மாற்றியது. மற்ற இரண்டு மருத்துவர்கள் விடுதலை.

டார்ஜிலிங்கில் அப்படி ஒரு குப்பி இல்லை. பேதியில் கொஞ்சம் எடுத்து, ஆர்சனிக்கைக் காட்டிக்கொடுக்கும் மார்ஷ் சோதனை செய்திருந்தால் ஒரு மணி நேர வேலை, 1836-லேயே வந்துவிட்ட சோதனை அது.

வடிவு:
இன்றைக்கு இப்படி ஒரு சாவு நடந்தால் வீட்டார் என்ன கேட்க வேண்டும்? சும்மா அறிய.

நச்சியல்:
தகனத்துக்கு முன் பேச வேண்டும். காவல் நிலையத்தில் சந்தேகச் சாவு என்று எழுதிக் கொடுத்தால் பிரேத விசாரணை, பிறகு உடற்கூறு ஆய்வு. விஷம் என்ற சந்தேகத்தைப் புகாரிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் உள்ளுறுப்பு எடுக்காமலே முடித்துவிடுவதும் உண்டு. எடுப்பது: இரைப்பையும் உள்ளிருப்பதும், சிறுகுடல் 30 செ.மீ., கல்லீரல் அரைக் கிலோ, இரண்டு சிறுநீரகத்திலும் பாதி, ரத்தம். உறுப்புகளை உப்பு முழுக்கக் கரைந்த நீரில் போடுவார்கள். அந்த உப்புநீரில் கொஞ்சம் தனிக் குப்பியில் போக வேண்டும், இல்லையேல் "விஷம் உப்பிலேயே இருந்திருக்கலாம்" என்று எதிர்தரப்பு வக்கீல் கேட்பார். ஆர்சனிக் என்றால் கூடவே முடி, நகம், தொடை எலும்புத் துண்டு. முடியை வெட்டக் கூடாது, வேரோடு பிடுங்க வேண்டும். பல வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்களா, ஒரே மூச்சில் கொடுத்தார்களா என்று முடியின் நீளம் சொல்லும்.

புதைத்த உடல் என்றால் மேல், கீழ், பக்கவாட்டு மண்ணும் எடுக்க வேண்டும், சில மண்ணில் ஆர்சனிக் இயற்கையாகவே உண்டு. எரித்த உடல் என்றால் ஏறக்குறைய போச்சு. பாஷாணம் 200 டிகிரி வெப்பத்துக்கு முன்பே ஆவியாகத் தொடங்கும். எலும்புச் சாம்பலில் சில வேளை மிஞ்சும், அதை நம்பி வழக்கு நடத்த முடியாது.

அடையாளம்தான் தகராறு என்றால் இன்று ஒரே நாளில் முடியும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குத் தாய்வழி மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஒன்றாகவே இருக்கும். சந்நியாசியிடமும் ஜோதிர்மயியிடமும் எச்சில் எடுத்தால் போதும், 1,548 பேரும் வீட்டில் இருக்கலாம்.

கீழ்வாசல்:
பொருந்தினாலும் தாய்வழி உறவு என்றுதான் சொல்லும், இவர்தான் ரமேந்திரா என்று சொல்லாது. பொருந்தாவிட்டால்தான் கதை முடியும்.

நச்சியல்:
சரிதான். மற்ற இரு சகோதரர்களின் சாவில் சந்தேகம் இல்லை என்பதால் இங்கே அது போதும்.

முன்சீப் கோர்ட்டு:
சொத்துப் பக்கம்: கொன்றவன் கொல்லப்பட்டவரின் சொத்தை எடுக்க முடியாது என்பது 1924-லேயே பிரிவி கவுன்சில் சொன்ன விதி. இப்போது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 25-ஆம் பிரிவு. உடந்தையாக இருந்தவனுக்கும் பொருந்தும். 27-ஆம் பிரிவு அவன் இறந்தவருக்கு முன்பே செத்துவிட்டதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

இதில் ஒரு சந்து இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். தகப்பனைக் கொன்ற மகனின் மனைவி வந்து, "என் புருஷன் முன்பே செத்ததாகச் சட்டமே சொல்கிறது, அப்படியானால் நான் முன்னிறந்த மகனின் விதவை, முதல் வகுப்பு வாரிசு, எனக்குப் பங்கு கொடு" என்று கேட்டார். தமிழ்நாட்டு வழக்குதான். 2005-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவன் வழியாகத்தான் அவள் உரிமை வருகிறது, அவனுக்கே இல்லாதது அவளுக்கு எப்படி வரும் என்று.

வடிவு:
குமாரர் ஜெயித்த பிறகு அனுபவித்தாரா?

ஆவணப்பெட்டி:
ஒரு வாரம்கூட இல்லை. லண்டன் தீர்ப்புச் செய்தி வந்ததும் கல்கத்தாவில் காளி கோயிலுக்குக் கும்பிடப் போனார், பக்கவாதம் தாக்கியது, இரண்டு நாளில் போய்விட்டார். ஆகஸ்ட் 13 சிராத்தம். ஜமீனையே 1950 கிழக்கு வங்காள நில எடுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டது. ஜெய்தேப்பூர் மாளிகை இன்று காசிப்பூர் மாவட்ட நிர்வாக அலுவலகம். பாவால் எஸ்டேட் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் பெயரில் மிச்ச நிலத்துக்கான நிர்வாகம் வங்கதேச அரசில் இன்னமும் இருக்கிறது.

கீழ்வாசல்:
மழைப் பதிவேட்டுப் பகுதியை யாராவது தனி இழையாகப் போடுங்கள். அதில் லாட்ஜ் பக்கம் நின்று பேச எனக்கு இன்னும் நிறைய இருக்கிறது.